நரம்புக்கும் ஸ்கேன் உண்டு!

தமிழில் "நரம்பு" என்ற சொல் மாதிரி அதிகமாக வேலை வாங்கப்படுகிற சொல் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ஊசி போட வரும் நர்சம்மா புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்து "நரம்பே கெடைக்கலியேம்மா" என்பார். அவர் தேடுவது ரத்தக் குழாய். விடியற்காலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்போம். இழுத்துக்கொண்டது தசை. அப்புறம் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருக்கும் "நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்" நோட்டீஸ். அதில் வரும் நரம்பு உடம்பில் எங்கே இருக்கிறது என்று ஒட்டினவருக்கே தெரியாது :-) போதாததற்கு யாழின் தந்திக்கும் பழைய தமிழில் நரம்பு என்றே பெயர்.

இத்தனை நரம்புகளுக்கு நடுவில் அசல் நரம்பு காணாமல் போய்விடுகிறது. கை மதமதவென்று இருக்கிறது, கால் எரிகிறது, பொருள் கையிலிருந்து நழுவி விழுகிறது என்று யாராவது சொன்னால் உடனே வரும் பதில் "சத்து இல்ல, ஒரு நரம்பு ஊசி போட்டுக்க". அதாவது பி காம்ப்ளக்ஸ். சில பேருக்கு அது தேவைதான். ஆனால் எல்லா மதமதப்புக்கும் அதே ஊசி என்றால், உண்மையான காரணம் உள்ளே உட்கார்ந்து நிதானமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே பேசப்போவது அந்த அசல் நரம்பைப் பற்றி. அதிலும், அதை ஸ்கேன் செய்து கண்ணால் பார்ப்பது பற்றி.

நெய்வேலியும் தெருக் கம்பியும்

மூளையும் தண்டுவடமும் ஒரு மின் நிலையம் என்றால், அங்கிருந்து கை, கால், விரல் நுனி வரை ஓடுகிற கம்பிகள்தான் புற நரம்புகள். தசையை அசைக்கச் சொல்லும் உத்தரவு இவற்றின் வழியாகத்தான் போகிறது. சூடு, வலி, தொடுகை பற்றிய தகவல் இவற்றின் வழியாகத்தான் திரும்பி வருகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பக்கத்திலேயே நெய்வேலி இருந்தும் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கம்பமும் கம்பியும் தரையில் கிடந்தால் பக்கத்தில் மின் நிலையம் இருந்து என்ன பயன்? மின்வாரியத்து லைன்மேன்கள் அப்போது இரண்டு வேலை செய்தார்கள். கரண்ட் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தார்கள். கம்பி ஓடும் வழியெல்லாம் நடந்து, எங்கே மரம் சாய்ந்திருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார்கள். முதல் வேலை "வரவில்லை" என்று சொல்லும். ஏன் வரவில்லை, எந்த இடத்தில் என்பதைச் சொல்வது இரண்டாவது வேலை.

நரம்பு வைத்தியத்தில் முதல் வேலைக்கு ரொம்ப நாளாகவே கருவி இருக்கிறது. நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் என்பார்கள். ஜனங்கள் மொழியில் "கரண்ட் வெச்சுப் பாக்கிறது". தோல் மேல் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பு வழியாக அந்தத் துடிப்பு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பார்கள். கையில் ஓடும் நல்ல நரம்பில் அது வினாடிக்கு 50 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ பாயும். 1956-ல் ஜான் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியவர்களுக்கு அந்த இடத்தில் வேகம் குறைவதை இப்படித்தான் காட்டினார். இன்றைக்கும் இந்த டெஸ்ட்தான் நரம்பு வைத்தியத்தின் முதுகெலும்பு.

அண்ணாந்து பார்க்கிற இரண்டாவது வேலைக்குத்தான் கருவி வரத் தாமதமானது.

அதே ஜெல், அதே ஸ்கேன்

அல்ட்ராசவுண்ட் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது இரண்டுதான். ஒன்று மாசமாக இருக்கும் பெண். இன்னொன்று கிட்னியில் கல். வயிற்றைப் பார்க்கும் ப்ரோப் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும். குறைந்த அலைவரிசை ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் தெரியாது. நரம்போ தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகிறது. அதன் உள்ளமைப்பு அவ்வளவு மெல்லியது. அதனால் அதற்கு ஆழம் வேண்டாம், நுணுக்கம்தான் வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 15, 18 என்று போனால் நரம்பு திரையில் தெளிவாகத் தெரிகிறது.

1988-ல் புருனோ ஃபோர்னாஜ் என்ற மருத்துவர் கை கால் நரம்புகளை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம் என்று எழுதினார். அடுத்த சில வருஷங்களிலேயே ஆஸ்திரியாவில் மணிக்கட்டு நரம்பை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதன் பிறகு ப்ரோப்கள் மேம்பட மேம்பட, படமும் மேம்பட்டது.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? குறுக்கு வெட்டாகப் பார்த்தால் தேனடை மாதிரி. கறுப்புப் புள்ளிகள் நரம்பு இழைக் கட்டுகள். சுற்றியிருக்கும் வெள்ளை வலை அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் திசு. நீளவாட்டில் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் போட்ட தண்டவாளங்கள் மாதிரி. பக்கத்திலேயே ஓடும் தசைநாண் வேறு மாதிரி தெரியும், விரலை ஆட்டினால் அது சரக்கென்று நகரும். ரத்தக் குழாயில் ரத்தம் ஓடுவது கலரில் தெரியும். ஆக, நம் மொழி ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிய மூன்றையும் இந்த இயந்திரம் சுலபமாகப் பிரித்துவிடுகிறது!

எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஊசி கிடையாது. எம்.ஆர்.ஐ. குகைக்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டியதில்லை. முழங்கையில் தொடங்கி மணிக்கட்டு வரை ஒரே இழுப்பில் நரம்போடு கூடவே போகலாம். கையை மடக்கி நீட்டச் சொல்லி, அப்போது நரம்பு என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம்.

மணிக்கட்டு

புவனகிரி பக்கம் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் ஒரு அக்காவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ராத்திரி தூக்கத்தில் கை மதமதத்து எழுந்துவிடுகிறார். கையை உதறினால் கொஞ்சம் தேவலை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் ஊசி குத்துகிற மாதிரி. சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"அது இருக்கும் டாக்டர், ஆறேழு மாசம். ஊசி போட்டா ரெண்டு நாளு நல்லாருக்கும், அப்புறம் மறுபடி சுருசுருங்குது."

இது கார்ப்பல் டனல் எனப்படும் மணிக்கட்டு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கட்டில் எலும்பும் ஒரு தடித்த பட்டையும் சேர்ந்து சுரங்கம் மாதிரி ஒரு வழி அமைத்திருக்கின்றன. ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. இடம் குறைந்தால் முதலில் அடி வாங்குவது நரம்பு.

நசுங்கினால் நரம்பு மெலிய வேண்டும் என்றுதானே தோன்றும்? சுரங்கத்துக்குள் மெலிந்துதான் இருக்கும். ஆனால் நுழைவாயிலில், அதாவது நசுங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், வீங்கிப்போகும். மதகை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறி நிற்பது மாதிரி. அந்த இடத்தில் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பை அளப்பார்கள். ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கிறது. (எல்லை எண் ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் மாறும்.) 2012-ல் அமெரிக்காவின் நரம்பு-தசை மருத்துவர்கள் சங்கம் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, கார்ப்பல் டனலைக் கண்டுபிடிக்க இந்த அளவீடு துல்லியமானது, கரண்ட் டெஸ்டோடு இதையும் சேர்த்துச் செய்யலாம் என்று சொன்னது.

கவனியுங்கள், "சேர்த்து". அதற்குப் பதிலாக அல்ல. நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று கரண்ட் டெஸ்ட் சொல்லும். நரம்பு எப்படி இருக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும். சுரங்கத்துக்குள் ஒரு நீர்க்கட்டியோ, தசைநாண் உறை வீக்கமோ, பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்த நரம்போ இருந்தால் கரண்ட் டெஸ்டுக்கு அது தெரியவே தெரியாது. கத்தி வைக்கப்போகும் சர்ஜனுக்கு அது முன்னாலேயே தெரிந்தாக வேண்டும்.

குத்துக்காலும், விபத்தும், இடுப்பு ஊசியும்

முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் மேல் தோலுக்கு நேர் கீழே ஒரு நரம்பு சுற்றிக்கொண்டு போகிறது. மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து களையெடுத்தால், மல்லாட்டை பிடுங்கினால் இந்த நரம்பு அழுந்தும். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, வெளியூர்க்காரர்களுக்காக.) அப்புறம் பாதத்தைத் தூக்க முடியாது. செருப்பு தரையில் உரசும். பெரும்பாலும் அழுத்தத்தை நிறுத்தினால் தானாகச் சரியாகும். ஆனால் சில பேருக்கு மூட்டிலிருந்து கிளம்பிய நீர்க்கட்டி நரம்புக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கும். அவருக்கு "குந்தாதீங்க" என்று புத்தி சொன்னால் போதாது, கட்டியை எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கரண்ட் டெஸ்ட் ஏறக்குறைய ஒரே மாதிரி வரலாம். ஸ்கேனில் கட்டி கறுப்பாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது விபத்து. பைக்கில் விழுந்து கை ஒடிகிறது, அல்லது கண்ணாடி கிழிக்கிறது. விரல் அசையவில்லை. நரம்பு வெறுமனே அதிர்ந்துபோயிருக்கிறதா, அறுந்தே போயிருக்கிறதா? அதிர்ந்திருந்தால் காத்திருக்கலாம். அறுந்திருந்தால் சீக்கிரம் தைக்க வேண்டும். தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. டெஸ்டில் மாறுதல் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆரம்ப நாட்களில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல மின் சோதனைகளால் முடியாது. ஸ்கேனில் அறுந்த இரண்டு முனைகளையும், நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதையும் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, இடுப்பில் தவறான இடத்தில் போட்ட ஊசி. தொடைக்குப் பின்னால் இறங்கும் சயாடிக் நரம்பில் பட்டு, குழந்தைகளுக்குப் பாதம் தொங்கிப்போவது இந்தியாவில் அறியப்பட்ட பிரச்சினை. எந்த இடத்தில், எவ்வளவு தூரத்துக்கு நரம்பு வீங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கும் ஸ்கேன் உதவுகிறது.

கையால் தடவிப் பார்த்த காலம்

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பதில் தமிழ்நாட்டுக்கு இருக்கிற அனுபவம் கொஞ்சநஞ்சமல்ல. காரணம், தொழுநோய்.

தொழுநோய் தோல் வியாதி என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி குறிவைப்பது தோலை மட்டுமல்ல, நரம்பையும்தான். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் "அழுகி" விழுவதில்லை என்று எடுத்துச் சொன்னார். உணர்ச்சி இல்லாததால் சுட்டதும் வெட்டுப்பட்டதும் தெரியாமல், புண்ணுக்கு மேல் புண்ணாகித்தான் விரல் போகிறது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த அவர் தசைநாண் மாற்று அறுவை செய்தார். செங்கல்பட்டு திருமணி, போலம்பாக்கம், வேலூரை அடுத்த கரிகிரி எனப் பல இடங்களில் தொழுநோய்க்கென்றே மையங்கள் நடந்தன.

தொழுநோய்ப் பரிசோதனையில் முக்கியமான ஒன்று விரலால் நரம்பைத் தடவிப் பார்ப்பது. முழங்கையின் உள்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த இடம்தான். அங்கே ஓடும் அல்நார் நரம்பை உருட்டிப் பார்த்து "தடிப்பு இருக்கு", "இல்ல" என்று சொல்வார்கள். அருமையான வித்தை. செலவே இல்லை. ஆனால் ஒருவர் விரலுக்குத் தடிப்பாகத் தெரிவது இன்னொருவர் விரலுக்குச் சாதாரணமாகத் தெரியும்.

2009-ல் ஹைதராபாத்தில் ஒரு மருத்துவக் குழு இதை ஸ்கேன் வைத்துச் சோதித்தது. சுமன் ஜெயின் தலைமையிலான அந்தக் குழுவில் நெதர்லாந்தின் லியோ விஸ்ஸரும் இருந்தார். 20 தொழுநோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 30 பேர். கையால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஸ்கேன் அளவு அப்படி மாறுவதில்லை என்பது அவர்கள் கண்டது. கூடவே, கை சொன்னதைவிட அதிக நரம்புகளில், அதிக தூரத்துக்குச் சேதம் பரவியிருந்ததும் தெரிந்தது. வீக்கம் முற்றிய நரம்பில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதும் கலர் டாப்ளரில் தெரிந்தது. அது நரம்பு உள்ளே கொதித்துக்கொண்டிருப்பதன் அடையாளம்.

2017-ல் லோகேஷ் பத்தாலா முதலிய இந்திய மருத்துவர்கள் இன்னொரு கணக்கு சொன்னார்கள். சாதாரணமாக முழங்கையில் அழுந்திய அல்நார் நரம்பு அந்த எலும்புப் பள்ளத்தை ஒட்டித்தான் வீங்கும். தொழுநோயில் அதற்கு மேலே, புஜத்தை நோக்கிச் சில சென்டிமீட்டர் தள்ளியும் நீளமாக வீங்கியிருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், சில பேருக்குத் தோலில் தேமலே இல்லாமல் நரம்பில் மட்டும் தொழுநோய் வரும். இந்தியாவில் அது அபூர்வமில்லை. அப்படிப்பட்டவர் "சுண்டுவிரல் மரத்துப்போவுது" என்று வந்தால், வெறும் முழங்கை நெருக்கம் என்று நினைத்து அனுப்பிவிடலாம். ப்ரோபை நான்கு விரற்கடை மேலே நகர்த்தினால் கதை மாறுகிறது.

"தொழுநோய்தான் ஒழிஞ்சிபோச்சே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவை. அதற்குப் பெயர் ஒழிந்தது அல்ல. 2023-ல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அதில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் கிருமி போய்விடும். ஆனால் செத்த நரம்பு திரும்பாது. நரம்பில் அடிபட்டு ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். தையல் மெஷின் அக்காவின் "ஆறேழு மாசம்" நினைவிருக்கிறதா? இந்த நோயில் அந்த ஆறேழு மாதம்தான் ஒரு கையின் விலை.

இன்னொரு ஜோடியையும் சொல்லியாக வேண்டும். கை தசை மெலிந்து பலம் குறைந்துகொண்டே போகிறது, உணர்ச்சி மட்டும் நன்றாக இருக்கிறது. இது ஏ.எல்.எஸ். என்ற, குணப்படுத்த முடியாத நோயாக இருக்கலாம். மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி என்ற, இம்யூனோகுளோபுலின் மருந்துக்குக் கேட்கிற நோயாகவும் இருக்கலாம். முன்னதில் நரம்பு சாதாரணமாகவோ மெலிந்தோ இருக்கும். பின்னதில் பல சமயம் அங்கங்கே வீங்கியிருக்கும். ஒருவருக்கு "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஸ்கேனையும் பார்த்துவிடுவது நியாயம்தானே?

எங்கே உதவாது

புகழ்ந்துகொண்டே போனால் அது விளம்பரம் ஆகிவிடும். ஆகவே குறைகளும்.

நம் ஊரில் கால் எரிச்சலுக்குப் பெரிய காரணம் சர்க்கரை. அதில் முதலில் அடி வாங்குவது பல சமயம் மிக நுண்ணிய இழைகள். அவை ஸ்கேனிலும் தெரியாது, கரண்ட் டெஸ்டிலும் தெரியாது. அங்கே பாதத்தில் உணர்ச்சி பார்ப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும்தான் வழி. இடுப்புக்குள் ஆழமாக இருக்கும் நரம்புகளை ஸ்கேன் சரியாகக் காட்டாது, எலும்புக்குப் பின்னால் இருப்பது தெரியவே தெரியாது. கழுத்து, இடுப்பு டிஸ்க் பிரச்சினைக்கு எம்.ஆர்.ஐ.தான். எல்லாவற்றுக்கும் மேல், இது பார்ப்பவரின் கையை நம்பியிருக்கும் டெஸ்ட். பழக்கமில்லாதவர் ப்ரோபைச் சாய்த்துப் பிடித்தால் தசைநாணே நரம்பு மாதிரி தெரியும்.

சட்டமும், சீட்டும்

இப்போது கணக்கு வழக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். இந்தப் பக்கம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. அந்தப் பக்கம் அண்ணாமலை நகரில், 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021-ல் மாநில சுகாதாரத் துறையின் கீழ் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டு ஊரிலும் தனியார் ஸ்கேன் சென்டர்கள். மெஷினுக்குப் பஞ்சமில்லை.

நரம்பு டாக்டரே ஒரு சின்ன மெஷின் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டால் என்ன? சில வெளிநாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே அது அத்தனை சுலபமில்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டம் 2003-ல் இன்னும் கடுமையானது. அல்ட்ராசவுண்ட் மெஷின் எதுவானாலும் அது இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாதவருக்கு விற்கவே கூடாது. கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் கட்டுப்பாடு உண்டு. முழங்கை நரம்பைப் பார்க்கத்தான் மெஷின் என்றாலும் சட்டத்துக்கு அது ஸ்கேன் மெஷின்தான்.

இதைக் கேட்டதும் "அநியாயக் கெடுபிடி" என்று சொல்லத் தோன்றலாம். கடலூர்க்காரர்கள் அப்படிச் சொல்வதற்கு முன் 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாத மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் அதே 2011-ல் கடலூருக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு இங்கே காரணம் இருக்கிறது. நரம்புக்காக அதைத் தளர்த்தச் சொல்வது, ஒரு கையைக் காப்பாற்ற இன்னொரு கையை வெட்டுவது மாதிரி.

தளர்த்தவும் தேவையில்லை. மெஷின் நரம்பு டாக்டரிடம் போக வேண்டாம், நரம்பு டாக்டரின் கேள்வி மெஷினிடம் போனால் போதும். பதிவு பெற்ற ஸ்கேன் சென்டரில் ரேடியாலஜிஸ்ட் இருக்கிறார். தைராய்டு பார்க்கவும் கால் ரத்தக் குழாய் பார்க்கவும் உயர் அலைவரிசை ப்ரோப் அங்கே ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டிலும் முழங்கையிலும் நரம்பை அளக்கத் தொடங்க அது போதும். புது முதலீடு என்று பெரிதாக எதுவும் இல்லை. வணிகவியல் பாடத்தில் வருகிற மாதிரி சொன்னால், சொத்து வாங்கியாகிவிட்டது, அதன் முழுத் திறனும் பயன்படவில்லை, அவ்வளவுதான்.

குறைவது இரண்டு. ஒன்று, பார்க்கிற பழக்கம். ரேடியாலஜி படிப்பவர்களுக்கு நரம்பு ஸ்கேன் பயிற்சி வழக்கமாக வேண்டும். நரம்பு டாக்டரும் ரேடியாலஜிஸ்டும் ஒரே கேஸைச் சேர்ந்து பார்க்கும் நாட்கள் வேண்டும். மருத்துவக் கல்லூரி இருக்கிற ஒரு மாவட்டத்தில் இது கேட்கக் கூடாத கேள்வியல்ல. இரண்டு, சீட்டில் ஒரு வரி. "வலது கை ஸ்கேன்" என்று எழுதி அனுப்பினால் ரேடியாலஜிஸ்ட் கட்டி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார். "முழங்கையில் அல்நார் நரம்பு, இரண்டு பக்கமும் அளந்து, மேலே புஜம் வரை பார்க்கவும்" என்று எழுதினால் அது வேறு டெஸ்ட்.

நோயாளி பக்கத்திலும் செய்ய ஒன்று உண்டு. மதமதப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால், பிடி தளர்ந்தால், செருப்பு நழுவினால், வெளிறிய தேமலில் தொட்டால் தெரியாவிட்டால் அடுத்த ஊசிக்குப் போகாமல் டாக்டரிடம் நேராகக் கேட்கலாம்: "எந்த நரம்புங்க டாக்டர்? எந்த எடத்துல அடிபட்டிருக்கு? ஏன்?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம். கிடைக்காவிட்டால், கேட்டுப் பார்க்க அடுத்த தெருவிலேயே ஒரு மெஷின் இருக்கிறது.